பிரதோஷ நாயும் ரோஸ் குஞ்சும்

மடத்து நாய் பிரதோஷ விரதம் இருக்கிறது என்று சுற்றுவட்டாரமெல்லாம் பேச்சு.

வெள்ளை ராஜபாளையம் நாய். பெயர் வைரவன். பிரதோஷத்தன்று காலையிலிருந்து ஒரு பருக்கை தொடாது. சாயங்காலம் பூசை முடிந்து தயிர்சாதப் பிரசாதம் வைத்தால்தான் வாய் வைக்கும். இதைப் பார்க்கவே டவுனிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.

வடிவு மட்டும் நம்பவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மடத்துல அடுப்பே பத்த வைக்கிறதில்ல. யாரு என்னத்த வச்சு, அது வேண்டாம்னு சொல்லிச்சு?" என்பாள்.

"பிஸ்கட் போட்டுப் பாரேன்," என்பார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. மடத்தின் மூத்த சீடர் அவர். வருகிறவர்களை உட்காரவைப்பது, பிரசாதம் கொடுப்பது, குருவின் பெருமையை எடுத்துச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. "போட்டுத்தான் பாரேன். மோந்துகூடப் பாக்காது."

"நீங்க பக்கத்துல நிக்கிற வரைக்கும் பாக்காது அண்ணாச்சி. கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, நான் போடுதேன்."

அண்ணாச்சி அந்தப் பக்கம் போனதே இல்லை.

எல்லாரும் ஞானம் தேடி மடத்துக்கு வருவார்கள், வடிவு வாதம் பண்ணுவதற்கென்றே வந்தவள் என்று அவர் சொல்வதுண்டு. குரு அதை மறுத்ததில்லை. வாதம் பண்ணாதே என்று அவளிடம் சொன்னதும் இல்லை.

ஒரு பிரதோஷத்தன்று செண்பகம் டீச்சர் ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்தார். பஸ் ஸ்டாண்டில் சாயம் பூசி விற்கிற குஞ்சு. ரோஸ் நிறம். பேத்தி அடம்பிடித்து வாங்கியதாம். வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் கத்தியிருக்கிறது.

"மடத்துல விட்டா நல்லா இருக்கும்னு தோணிச்சு. இங்க எந்த உயிருக்கும் பயம் இல்லையே," என்றார் டீச்சர்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "முற்றத்துல விடுங்க டீச்சர். அது பாட்டுக்கு மேயட்டும்."

வடிவு கிணற்றடியில் வில்வ இலை அலசிக்கொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கீச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தாள். வைரவன் வாயிலிருந்து ரோஸாக ஏதோ தொங்கியது.

ஓடினாள். நாயின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துப் பிளந்தாள். அது உறுமியது. அவள் விடவில்லை. குஞ்சு அவள் உள்ளங்கையில் விழுந்தது.

இறக்கைக்கு அடியில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. கழுத்து நீண்டு, கண் பாதி மூடி, கால் விறைத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தாள். விரலை வைத்துப் பார்த்தபோது நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆட்கள் கூடினார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"நாய் கடிச்சிட்டு."

"யாரு, வைரவனா? விரத நாள்லயா?" அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வாய்க்கு வந்ததைப் பேசாத வடிவு. காக்கா கொத்தியிருக்கும். இவன் காப்பாத்தித் தூக்கிட்டு வந்திருப்பான்."

"காக்காய்க்குப் பல்லு இருக்கா அண்ணாச்சி?"

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"கடிக்கணும்னு நெனச்சிருந்தா இந்நேரம் குஞ்சு இருக்குமா? ஒரே கடி. சும்மா தூக்கி வெளையாடியிருக்கான்."

"இப்பத்தான காக்கான்னு சொன்னீங்க?"

"காக்காயும் கொத்தியிருக்கும். இவனும் வெளையாடியிருப்பான். ஏன், ரெண்டும் நடக்கக் கூடாதா?"

வேனில் வந்திருந்த ஒரு அம்மாள் குஞ்சை எட்டிப் பார்த்தாள். "அதுவும்தான், இப்படிப் பளபளன்னு ரோஸா சுத்துனா எந்த நாய்க்குத்தான் தூக்கிப் பாக்கணும்னு தோணாது?"

"அதுவா கடைக்குப் போய்ச் சாயம் பூசிக்கிட்டு வந்துச்சு?" என்றாள் வடிவு.

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணும் சொல்லப்படாது போல இருக்கே இங்க."

செண்பகம் டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. நேத்தெல்லாம் ஒரு நிமிஷம் வாய் மூடல. வைரவன் வாய் பட்டதும் அடங்கிட்டு."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் அண்ணாச்சி. குரல் தழுதழுத்தது. "நாமெல்லாம் வருஷக்கணக்கா உக்காந்தும் வராத நிலை. குஞ்சு சமாதியில இருக்கு."

அவர் கை கூப்பினார். நின்றவர்களும் கூப்பினார்கள்.

வடிவு குஞ்சை முந்தானையில் பொதிந்துகொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் வைரவன் கழுத்தில் மாலை விழுந்தது.

விறகு அறையில் ஊதுபத்தி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் உமி பரப்பி, மேலே பழைய வேட்டித் துணியைப் போட்டாள். குண்டு பல்பு ஒன்றைத் தாழ இறக்கிக் கட்டினாள். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீரில் காயத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது குஞ்சு துள்ளவில்லை. வலிக்கிறது என்றுகூடக் காட்டவில்லை. துள்ளியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அலகு நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தொட்டு எடுத்தாள். ஒரு துளி உள்ளே போனது. காத்திருந்து மறுபடி தொட்டாள்.

நாள் போகப் போக அவளுக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. மேலேயிருந்து கை வந்தால் குஞ்சு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. அதனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வாசல் வெட்டி, அந்த வழியாகக் கையை நீட்டினாள். சத்தமில்லாமல் யாராவது வந்து நின்றால் விறைத்துப்போனது. அதனால் பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசுவது? அண்ணாச்சியோடு போடவேண்டிய சண்டையையெல்லாம் குஞ்சோடு போட்டாள்.

"விளையாட்டாம். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாத்தான அது விளையாட்டு? ஒனக்குத் தெரியுமா, நீ அன்னைக்கு விளையாடினியாம்."

குஞ்சு கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் நொய்யரிசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குஞ்சு எட்டு வைத்து வந்தது. அரிசியை விட்டுவிட்டு அவள் கட்டைவிரலை நறுக்கென்று கொத்தியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

வடிவு தரையில் உட்கார்ந்து அழுதாள். "கொத்துதியா? கொத்து. நல்லாக் கொத்து."

அதற்குள் வெளியே கதை வளர்ந்துவிட்டது. காக்கா பருந்தானது. பருந்து பாம்பானது. வைரவன் பாம்போடு போராடிக் குஞ்சை மீட்டு குருவின் காலடியில் கொண்டுவந்து வைத்தானாம். குஞ்சைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் கிணற்றடியில் வாயாடிக்கொண்டிருந்தாளாம். வேனில் வந்தவர்கள் இந்தக் கதையை வடிவிடமே சொன்னார்கள்.

"அந்தப் பொண்ணு நான்தான்," என்றாள் வடிவு.

"அப்படியா? இனிமேலாவது கவனமா இரும்மா," என்றார்கள்.

குஞ்சு நடக்கத் தொடங்கியதும் வடிவு அண்ணாச்சியிடம் போனாள்.

"வைரவனைக் கட்டணும் அண்ணாச்சி. குஞ்சை வெயில்ல விடணும்."

"கட்டுறதா?" அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். "இது மடம்மா. இங்க எந்த உயிரையும் சங்கிலி போட்டுக் கட்டுறதில்ல. சாமி போட்ட சட்டம்."

"அப்ப குஞ்சு?"

"அதுக்கென்ன, பஞ்சாரக் கூடை இருக்கே. போட்டுக் கவுத்து வை."

"பஞ்சாரத்துல கவுத்துறது கட்டுறது இல்லையா?"

"அது பாதுகாப்பு."

"கடிச்சது வெளிய சுத்தும். கடிபட்டது பஞ்சாரத்துக்குள்ள இருக்கும். இதுக்குப் பேரு சட்டமா?"

அண்ணாச்சி பொறுமையாக அவளைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காலண்டர் படம் தொங்கியது. ஒரு குளம். ஒரு பக்கம் புலி தண்ணீர் குடிக்கிறது. அதன் பக்கத்தில் மான். நடுவில் ஒரு முனிவர் கண் மூடி உட்கார்ந்திருக்கிறார்.

"இதை என்னைக்காவது நல்லாப் பாத்திருக்கியா?" என்றார். "பெரியவங்க இருக்கிற எடத்துல இப்படித்தான். பகையே கிடையாது. அடுத்த பிரதோஷத்துக்கு நம்ம கூடத்துலயே ஜனங்க இதைக் கண்ணால பாக்கப் போறாங்க. வைரவன், பக்கத்துல குஞ்சு. எல்லாரும் கேக்காங்க."

வடிவு படத்தின் அருகில் போய் உற்றுப் பார்த்தாள்.

"மான் குடிக்கல அண்ணாச்சி."

"என்னது?"

"வாயைத் தண்ணியில வச்சுக்கிட்டு நிக்குது. கண்ணு புலி மேல இருக்கு. வரைஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கு. மாட்டி வச்சவங்களுக்குத்தான் தெரியல."

"ஒனக்கு எதைக் காட்டினாலும் கோணலாத்தான் தெரியும்."

"நான் குஞ்சைக் கொண்டு வரமாட்டேன்."

"நீ கொண்டு வராட்டி என்ன," என்றார் அண்ணாச்சி. "பெட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

வடிவு குருவிடம் போனாள். குஞ்சையும் எடுத்துக்கொண்டு போனாள்.

குரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, வைரவன் குஞ்சைக் கடிச்சிட்டான்."

"சங்கரலிங்கம் வேறு மாதிரி சொன்னானே."

"அண்ணாச்சி பாக்கல. நான் பாத்தேன்."

"நானும் பார்க்கவில்லை."

"அதனாலதான் சொல்ல வந்தேன். பாத்தவ சொன்னாப் போதாதா? கடிச்ச நாயே வந்து ஒத்துக்கணுமா?"

குரு சிரித்தார். "நாய் மேல் இவ்வளவு கோபமா?"

"நாய் மேல எனக்கென்ன கோபம்? காலையிலருந்து பட்டினி. பட்டினி போட்டுட்டு அதை விரதம்னு சொன்னவங்க மேலதான். கடியைக் கண்ணால பாத்துட்டு அதைக் கருணைன்னு சொன்னவங்க மேலதான்."

குரு கையை நீட்டினார். "கொடு."

அவள் தயங்கினாள். பிறகு கொடுத்தாள்.

குருவின் உள்ளங்கையில் குஞ்சு தட்டையாக ஒட்டிக்கொண்டது. கழுத்து நீண்டது. கண் பாதி மூடியது.

"அமைதியாகத்தானே இருக்கிறது?" என்றார் குரு.

"இங்க கொண்டாங்க."

அவள் கைக்கு வந்தபிறகும் குஞ்சு சற்று நேரம் அப்படியே கிடந்தது. வடிவு அதனிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஒரு கண் திறந்தது. உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. கீச் கீச்சென்று கத்தியது. அவள் விரலைக் கொத்தியது. புடவையில் எச்சம் போட்டது.

"உன்னிடம் மட்டும் இத்தனை சண்டை போடுகிறதே?"

"ஆமா சாமி. குணமாயிட்டு வருது."

குரு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரதோஷத்தன்று நீயே கூடத்துக்குக் கொண்டு வா," என்றார்.

"நாய்க்குப் பக்கத்துல வைக்கவா? நீங்களுமா?"

"சங்கரலிங்கம் கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்."

"இதுல பாக்கிறதுக்கு என்ன சாமி இருக்கு?"

"அதைத்தான் பார்க்க வேண்டும்."

இப்படிப்பட்ட பதில்களைக் கேட்பதற்காகவே தூர தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எழுதி வைத்துக்கொண்டார்கள். வடிவுக்கு அன்று அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஆனாலும் போனாள். அவள் எடுத்துப் போகாவிட்டால் அண்ணாச்சி எடுத்துப் போவார். அவர் மேலேயிருந்து கையை விடுவார். இன்னொன்றும் இருந்தது. குரு தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மறைக்க மாட்டார், அத்தனை பேர் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று அவள் நம்பினாள். அதை நம்பித்தான் மடத்திலேயே இருந்தாள்.

பிரதோஷத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. வெளி வராந்தாவிலும் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். உள்ளே நடுவில் வைரவன். நெற்றியில் திருநீறு, கழுத்தில் மாலை. நாக்கு வெளியே தொங்கி எச்சில் வடிந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அவருடைய சால்வையின் ஒரு முனை நாயின் கழுத்தின் மேல் கிடந்தது. சால்வைக்கு அடியில் அவர் விரல்கள் கழுத்துப்பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. வடிவு உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிந்தது.

குரு உள்ளே வந்தார். பேச்சு நின்றது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை மடியில் வைத்தார்கள். சம்மணம் சரியாயிற்று. முதுகுகள் நிமிர்ந்தன. ஒரு குழந்தை வாயைத் திறந்தது. அதன் தாய் அதைப் பொத்தினாள்.

குரு வடிவிடமிருந்து குஞ்சை வாங்கினார். ரோஸ் சாயத்துக்கு நடுவே இறக்கையில் புது வெள்ளை முளைத்திருந்தது. நாய்க்கு எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் அதை வைத்தார்.

வைரவனின் காது நிமிர்ந்தது.

குஞ்சு அப்படியே படுத்தது. கழுத்தை நீட்டித் தரையில் வைத்தது. கண்கள் பாதி மூடின.

"சிவ சிவா," என்று ஒரு குரல் கேட்டது. கூடம் முழுவதும் கைகள் குவிந்தன.

"என்ன தெரிகிறது?" என்று குரு கேட்டார்.

"அமைதி சாமி," என்றார் முன் வரிசையில் இருந்தவர்.

"சரணாகதி," என்றார் அண்ணாச்சி.

"பகை மறந்துபோன நிலை," என்றார் செண்பகம் டீச்சர்.

"உனக்கு என்ன தெரிகிறது வடிவு?"

"பயம்."

ஒரு மெல்லிய சிரிப்பு கூடத்தைச் சுற்றி வந்தது.

"இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே. எப்படிப் பிரிப்பது?" என்றார் குரு.

"நாயை வெளிய கூட்டிட்டுப் போங்க சாமி. அப்புறம் பாருங்க."

அண்ணாச்சி எழுந்திருக்கப் பார்த்தார். குரு அவரைக் கையமர்த்திவிட்டுத் தாமே எழுந்தார். சால்வையை விலக்கினார். அண்ணாச்சியின் விரல்களைப் பார்த்தார். கழுத்துப்பட்டையை வாங்கிக்கொண்டு, நாயை நடத்தி, வாசலைத் தாண்டி வெளியே போனார்.

யாரோ காலை நீட்டினார்கள். யாரோ இருமினார்கள். அடக்கி அடக்கி வைத்திருந்த இருமல், நீளமாக வந்தது. விசிறிகள் மறுபடி அசைந்தன. "மணி என்ன?" என்று ஒருவர் பக்கத்தில் கேட்டார். "இடுப்பு விட்டுப்போச்சு," என்றார் இன்னொருவர். குழந்தை அழுதது. யாரும் பொத்தவில்லை.

குஞ்சு அசையவில்லை.

"பாத்தியா?" அண்ணாச்சி வடிவு பக்கம் சாய்ந்து சொன்னார். "நாய் போயாச்சு. இன்னும் அப்படியேதான் கிடக்கு. இதுவா பயம்?"

வடிவு குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கண் திறந்தது. குஞ்சு தலையைத் தூக்கி நாய் இருந்த இடத்தைப் பார்த்தது. அவ்வளவுதான். துள்ளி எழுந்து ஓடியது. ஜமுக்காளத்தில் இடறி விழுந்து, எழுந்து, அலறிக்கொண்டே ஓடியது. ஒருவர் மடியில் ஏறி இறங்கியது. பூக்கூடையில் முட்டியது. கடைசியில் வடிவின் புடவை மடிப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, உள்ளேயிருந்தும் அலறியது.

எல்லாத் தலைகளும் வடிவின் பக்கம் திரும்பின.

"பாத்தீங்களா?" என்றாள் வடிவு. "இப்பவாவது பாத்தீங்களா? நாய் இருந்த வரைக்கும் மூச்சு விடல. போனதும் ஓடுது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆகா!" என்றார் அண்ணாச்சி. தொடையில் தட்டினார். "வைரவனைத் தேடுது!"

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களே பாருங்க," அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அவன் எதிர்ல இருந்தப்போ எவ்வளவு நிம்மதி. அவன் போனதும் என்னா தவிப்பு தவிக்குது. பிரிஞ்சிருக்க முடியல அதால."

"ஆமா ஆமா," என்றார்கள். "கூப்பிடுது பாருங்க." "ஐயோ பாவம், யாராவது வைரவனைக் கூட்டிட்டு வாங்களேன்." ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வடிவு செண்பகம் டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. அது எப்படி ஓடிச்சுன்னு நீங்க சொல்லுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேம்மா."

அப்போதுதான் வடிவு ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம், வைரவனைப் பிடித்தபடி, குரு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"சாமி!" என்றாள். "நீங்க பாத்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க."

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கால்கள் மடங்கின. முதுகுகள் நிமிர்ந்தன. கூடம் கல்லாயிற்று.

குரு அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பூசைக்கு நேரமாகிவிட்டது," என்றார்.

மணி அடித்தது. வடிவு குஞ்சை எடுத்துக்கொண்டு விறகு அறைக்குப் போனாள்.

பெட்டியின் பக்கவாட்டு வாசல் வழியாகத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். குஞ்சு தரையோடு ஒட்டிக்கொண்டது. பேசிப் பார்த்தாள். நொய்யரிசி வைத்துப் பார்த்தாள். தன் விரலையே நீட்டிப் பார்த்தாள். அது கொத்தவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டாள். பெட்டியைத் துணியால் மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசற்படியில் குரு தனியாக நின்றார். உள்ளே வைரவனுக்குத் தயிர்சாதம் வைத்திருந்தார்கள். அது சாப்பிடும் சத்தமும், விரதம் முடிக்கிறான் என்று ஆட்கள் வியக்கிற சத்தமும் வெளியே கேட்டன.

"போகிறாயா?"

"ஆமா."

"எங்கே?"

"நாயை நாய்னு கூப்பிடுற எடமா பாத்து."

குரு பெட்டியைப் பார்த்தார். "எப்படி இருக்கிறது?"

"மொத நாள் மாதிரி. என் கையைக்கூட நம்பல. ஒரு துளி, ஒரு துளியா தண்ணி காட்டி எழுப்பி வச்சிருந்தேன் சாமி. நீங்க பாடம் நடத்துறதுக்கு அதைக் கேட்டு வாங்கினீங்க. பாடம் முடிஞ்சிட்டு. இனிமே நான் மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அது பொழைச்சா."

"நான் பார்க்க வேண்டியிருந்தது."

"ஏன்? நான் பாத்தது ஏன் பத்தல?"

குரு கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சரி," என்றாள் வடிவு. "பாத்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"அது பயம்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிந்தது."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல? அண்ணாச்சி சொல்றாரு, தேடுதாம். கூப்பிடுதாம். அத்தனை பேரும் ஆமா போடுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்."

"சொல்லியிருந்தால் உடனே தலையாட்டியிருப்பார்கள்."

"ஆட்டட்டுமே. அது உண்மைதான?"

"சங்கரலிங்கம் சொன்னதற்கும் ஆட்டினார்கள்."

"அவர் சொன்னது பொய். நீங்க சொன்னா அது உண்மை. ரெண்டும் ஒண்ணா? இந்தப் பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி. குஞ்சுக்கு இதனால என்ன? அடுத்த பிரதோஷத்துக்கு வேற ஒரு குஞ்சை யாராவது கொண்டுவந்து வைப்பாங்க. அதுக்கு என்ன பதில்?"

குரு படியில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து வடிவு பார்த்ததில்லை. முதுகு வளைந்திருந்தது.

"நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் ஜன்னல் பக்கமாக நின்றேன்," என்றார். "நான் போனது எல்லாருக்கும் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியாது."

"சரி. அப்படி என்னதான் பாத்தீங்க?"

"வடிவு, நான் வெளியே போனதும் முதலில் அசைந்தது குஞ்சு இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்."